நிரல் எழுதத் தெரியாமல் மதியச் சாப்பாட்டுச் செயலி: கருவிக்கு முன்னால் அட்டவணை

உங்கள் கேள்வி இது. கோவையில் சரவணம்பட்டி, பீளமேடு பக்கம் ஐடி அலுவலகங்களில் வேலை செய்பவர்களுக்கு வீட்டுச் சாப்பாட்டை மதியத்தில் கொண்டுசேர்க்க நினைக்கிறீர்கள். சமைத்துக் கொடுக்க அக்கம்பக்கத்தில் நான்கு பெண்கள் தயாராக இருக்கிறார்கள். செயலி செய்து தர ஒரு நிறுவனம் நான்கு லட்சம் ரூபாய் கேட்கிறது. உங்களுக்கு நிரல் எழுதத் தெரியாது. நிரல் எழுதாமலே செயலி கட்ட உதவும் நோ-கோட் கருவிகளை வைத்து நீங்களே செய்துகொள்ள முடியுமா, எந்தக் கருவி நல்லது, எவ்வளவு நாள் பிடிக்கும்?

முடியும். அந்த நான்கு லட்சத்தை இப்போது யாரிடமும் கொடுக்காதீர்கள். ஆர்டர் எடுக்கிற அளவுக்கு ஓர் இணையச் செயலியை இரண்டு வார இறுதிகளில் நீங்களே எழுப்பிவிடலாம். ஆனால் எந்தக் கருவி என்ற கேள்வியை மூன்றாவதாக வையுங்கள். காசு கொடுத்து வாங்க ஆள் இருக்கிறதா என்பது முதல் கேள்வி. உங்கள் தொழிலின் தகவல்கள் எந்த அட்டவணையில் எப்படி உட்கார வேண்டும் என்பது இரண்டாவது. இந்த இரண்டும் தெளிவாகிவிட்டால் எந்தக் கருவியை எடுத்தாலும் வேலை நடக்கும். இவை தெளியாமல் கருவியில் கை வைத்தவர்கள் பாதியில் விட்டுவிட்டு அடுத்த கருவிக்குத் தாவுவதைத்தான் தொடர்ந்து பார்த்துவருகிறேன்.

முதல் கேள்விக்குச் செயலியே தேவையில்லை. 1999இல் ஜாப்போஸ் என்ற இணையச் செருப்புக் கடையைத் தொடங்கிய நிக் ஸ்வின்மர்ன், செருப்புக் கடைகளுக்குப் போய்ப் படம் எடுத்து இணையதளத்தில் போட்டார். யாராவது ஆர்டர் செய்தால் அதே கடையில் வாங்கி அனுப்பினார். கிடங்கும் இல்லை, சரக்கும் இல்லை. போட்டுப் பார்க்காமல் இணையத்தில் செருப்பு வாங்குவார்களா என்ற ஒரே சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள அது போதுமானதாக இருந்தது. பத்து ஆண்டுகள் கழித்து அமேசான் அந்த நிறுவனத்தை வாங்கியது. 2008இல் சிகாகோவில் தொடங்கிய, சலுகைக் கூப்பன் விற்கும் குரூப்பான், வேர்ட்பிரஸ் வலைப்பதிவில் சலுகையை எழுதி, கூப்பனைப் பிடிஎஃப் கோப்பாக மின்னஞ்சலில் அனுப்பித்தான் ஆரம்ப நாள்களை ஓட்டியது.

உங்கள் விஷயத்தில் இதற்கு வாட்ஸ்அப் பிசினஸ், ஒரு கூகுள் படிவம், ஒரு ஷீட், ஒரு யுபிஐ க்யூஆர் கோடு போதும். ஒரே ஓர் அலுவலக வளாகம், ஒரே ஒரு சமையலறை, தினம் இரண்டே வகைச் சாப்பாடு என்று மூன்று, நான்கு வாரம் நடத்துங்கள். முதல் வாரத்தில் வரும் ஆர்டரை நம்பாதீர்கள்; அதில் பாதி நட்புக்காக வந்திருக்கும். நீங்கள் நினைவூட்டாமலே மூன்றாவது வாரத்திலும் ஆர்டர் போடுகிறவர்களை எண்ணுங்கள். கூடவே, படிவத்தில் இடம் இல்லாததால் வாட்ஸ்அப்பில் தனியாகக் கேட்கப்படுவதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். "நாளைக்கு மட்டும் வேண்டாம்", "நண்பருக்கும் சேர்த்து இரண்டு", "இந்த வாரம் வேறு அலுவலகத்தில் இருக்கிறேன்", "மாதக் கடைசியில் மொத்தமாகக் கொடுத்துவிடவா". உங்கள் செயலி என்ன செய்ய வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல பட்டியலை எந்த ஆலோசகரும் எழுதித் தர முடியாது.

இனி அட்டவணை. நோ-கோட் என்று சொல்லப்படும் எல்லாக் கருவிகளும் அடியில் செய்வது ஒன்றுதான்: அட்டவணைகளில் இருக்கும் வரிகளைத் திரையில் காட்டுகின்றன, மாற்ற விடுகின்றன. திரையை இழுத்துப் போட்டு அமைப்பது ஒரு மாலை வேலை. அட்டவணை தவறாக அமைந்துவிட்டால், மேலே கட்டியது அத்தனையையும் பிரித்துவிட்டுத்தான் சரிசெய்ய முடியும்.

புதிதாகச் செய்பவர்கள் பெரும்பாலும் ஒரே ஷீட்டில் பெயர், போன், சாப்பாடு 1, சாப்பாடு 2, சாப்பாடு 3 என்று பத்திகளை அடுக்குகிறார்கள். ஒருவர் நான்கு சாப்பாடு கேட்கும் நாளில் இடம் போதாது. அதைவிட, "நாளைக்கு எத்தனை சாம்பார் சாதம்?" என்று சமையல் செய்பவர் கேட்டால் மூன்று பத்திகளிலும் தேடிக் கூட்ட வேண்டியிருக்கும். உங்களுக்கு ஐந்து அட்டவணைகள் வேண்டும். சமையலர் அட்டவணையில் பெயர், பகுதி, ஒரு நாளைக்கு எத்தனை சாப்பாடு வரை செய்ய முடியும் என்பது. உணவு அட்டவணையில் அது எந்தச் சமையலருடையது, சைவமா அசைவமா, இப்போதைய விலை என்ன என்பது. வாடிக்கையாளருக்குப் பெயர், போன், எந்தக் கட்டடம், எந்தத் தளம். ஆர்டருக்கு யார், எந்தத் தேதிக்கு, என்ன நிலை. கடைசியாக ஆர்டர் வரி: எந்த ஆர்டரைச் சேர்ந்தது, எந்த உணவு, எத்தனை, என்ன விலை.

கடைசியில் சொன்ன விலையைக் கவனியுங்கள். விலைதான் உணவு அட்டவணையிலேயே இருக்கிறதே, அங்கிருந்து எடுத்துக் காட்டினால் போதாதா என்று தோன்றும். ஏர்டேபிள், கிளைடு போன்ற நோ-கோட் கருவிகளில் அப்படி இன்னொரு அட்டவணையிலிருந்து எடுத்துக் காட்டும் பத்தி உண்டு. அதைப் போடுவதுதான் சுலபம் என்பதால் எல்லோரும் அதையே போடுகிறார்கள். காய்கறி விலை ஏறி, 80 ரூபாய்ச் சாப்பாட்டை நீங்கள் 90 ஆக்கும் நாளில், போன மாதம் கொடுத்து முடித்த ஆர்டர்களும் சேர்ந்து 90க்கு மாறிவிடும். 60 சாப்பாட்டுக்கு 4,800 ரூபாய் கணக்கு முடித்த சமையலர் மறுபடி பார்க்கும்போது திரையில் 5,400 இருக்கும். மீதி 600 எங்கே என்று அவர் கேட்டால், அவர் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆர்டர் பதிவாகும் அந்த நொடியில் இருக்கும் விலையை ஆர்டர் வரியில் எண்ணாகவே எழுதி வைத்துவிட வேண்டும். பில் புத்தகத்தில் எழுதிய விலை, கடைப் பலகையில் விலையை மாற்றினால் மாறுவதில்லை அல்லவா, அதே முறைதான்.

நிலையையும் இரண்டாகப் பிரியுங்கள். சாப்பாட்டின் நிலை ஒரு பத்தி: பதிவானது, சமையலுக்குப் போனது, கொடுத்தாயிற்று, ரத்து. பணத்தின் நிலை இன்னொரு பத்தி: வரவில்லை, வந்தது, திருப்பிக் கொடுத்தாயிற்று. ஒன்றாகக் கலந்தால், பணம் கட்டிய பிறகு ரத்து செய்தவரை எங்கே வைப்பது என்று தெரியாமல் போகும். பணத்தைத் திருப்பிக் கொடுக்க மறப்பது பெரும்பாலும் இங்கேதான் நடக்கிறது. போன் எண்ணை எப்போதும் எழுத்தாக, இடைவெளி இல்லாமல், பத்து இலக்கமாக வையுங்கள். ஒருவரே ஒரு நாள் +91 சேர்த்தும் மறுநாள் சேர்க்காமலும் எழுதினால் செயலி அவரை இரண்டு பேராகப் பார்க்கும்.

நேரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தக் கருவிகளில் பலவும் உள்ளுக்குள் உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. நம் நேரம் அதைவிட ஐந்தரை மணி முன்னால் இருக்கிறது. சமையலருக்குக் காலை 5 மணிக்கு "இன்றைய ஆர்டர்" பட்டியல் தானாகப் போக வேண்டும் என்று அமைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நமக்குச் செவ்வாய் காலை 5 மணி என்றால், பொது நேரத்தில் அது திங்கள் இரவு 11.30. செயலி "இன்று" என்று எண்ணித் திங்கட்கிழமைப் பட்டியலை அனுப்பிவிடும். பகலில் சோதித்துப் பார்க்கும்போது எல்லாம் சரியாக வரும், ஏனென்றால் பகலில் இரண்டு நேரத்திலும் தேதி ஒன்றுதான். கருவியின் அமைப்பில் நேர மண்டலத்தைக் கொல்கத்தா என்று மாற்றுங்கள். தானாக ஓடும் வேலைகளை ஒரு விடிகாலையில் எழுந்து உட்கார்ந்து பாருங்கள்.

இப்போது கருவிக்கு வருகிறேன். ஷீட்டில் தொடங்கியவருக்குக் கிளைடு மிக எளிது. கூகுள் ஷீட்டை நேராக இணைத்தால் போனில் பார்க்கத் தகுந்த செயலி வந்துவிடும். ஏர்டேபிளில் அட்டவணை வைத்திருந்தால் சாஃப்டர் பொருந்தும். ஆனால் ஏர்டேபிளின் இலவசத் திட்டத்தில் ஓர் அட்டவணைத் தொகுப்புக்கு 1,000 பதிவுகள்தான், தினம் முப்பது ஆர்டர் என்றால் ஒரு மாதத்தில் தீர்ந்துவிடும். 2020இல் கூகுள் வாங்கிய ஆப்ஷீட்டும், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸோஹோவின் கிரியேட்டரும் உங்கள் சமையலர்கள், விநியோகிப்பவர்கள் போன்ற உள் ஆள்களுக்கு நன்றாக உழைக்கும். ஆளுக்கு இவ்வளவு என்று கட்டணம் கணக்கிடுவதால் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களை உள்ளே விட அவை தோதானவை அல்ல. கிரியேட்டரில் வாடிக்கையாளருக்கென்று தனி வாயில் உண்டு என்றாலும் அதன் செலவைத் தனியே பார்க்க வேண்டும்.

பபிள் வேறு வகை. 2012இல் நியூயார்க்கில் தொடங்கியது. தரவுத்தளம், பக்கம், "இதை அழுத்தினால் இது நடக்கட்டும்" என்ற வேலைத்தொடர் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். ஏறத்தாழ நினைத்ததை எல்லாம் அதில் செய்துவிடலாம். அதற்கு விலை உண்டு. கற்றுக்கொள்ள ஒரு மாத மாலைப் பொழுதுகளாவது தேவைப்படும். 2023 முதல் செயலி செய்யும் வேலையின் அளவைக் கணக்கிட்டுக் கட்டணம் வாங்குகிறார்கள், ஆகவே கவனமில்லாமல் அமைத்த தேடல் ஒன்றே மாதக் கட்டணத்தை ஏற்றிவிடும். நீங்கள் கட்டிய செயலியின் நிரலை வெளியே எடுத்துச் செல்லவும் முடியாது. தரவை எடுக்கலாம், செயலியை எடுக்க முடியாது.

என்னைக் கேட்டால், உங்களுக்கு முதல் ஆறு மாதத்துக்குக் கிளைடு போதும். ஒன்றுக்கு மேற்பட்ட வளாகம், வாரச் சந்தா, இடையில் நிறுத்திவைக்கும் வசதி என்று விதிகள் பெருகும்போது பபிளைப் பாருங்கள். எதையும் ஆண்டுக் கட்டணமாகக் கட்டாதீர்கள். தள்ளுபடியைக் காட்டினாலும் மாதாமாதமே கட்டுங்கள். கடைசி ஒரு சாப்பாட்டுக்கு இரண்டு பேர் ஒரே நொடியில் ஆர்டர் போட்டால் என்ன ஆகும் என்பது போன்ற சிக்கல்களை இந்தக் கருவிகளில் தீர்க்க முயன்று வாரக்கணக்கில் செலவழிக்கவும் வேண்டாம். சமையலர் 40 செய்ய முடியும் என்றால் செயலியில் 38 என்று வையுங்கள், முடிந்தது.

பணத்தில் மட்டும் குறுக்கு வழி வேண்டாம். க்யூஆர் கோடைக் காட்டி ஸ்கிரீன்ஷாட் அனுப்பச் சொல்வது பத்து பேர் வரை தாங்கும். ஐம்பது பேர் ஆனதும் மதியம் முழுவதும் ஸ்கிரீன்ஷாட்டையும் வங்கிக் கணக்கையும் ஒத்துப் பார்ப்பதிலேயே போய்விடும். போலி ஸ்கிரீன்ஷாட்டும் வரும். ரேஸர்பே போன்ற, இணையத்தில் உங்களுக்காகப் பணம் வாங்கித் தரும் ஒரு கட்டண நுழைவாயிலில் கணக்குத் திறந்து, ஆர்டர் எண்ணோடு சேர்ந்த கட்டண இணைப்பை அனுப்புங்கள். பொதுவாக 2 சதவீதத்தை ஒட்டிக் கட்டணமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் பிடிப்பார்கள். 90 ரூபாயில் இரண்டு ரூபாய்ச் சொச்சம். அதை விலையிலேயே கணக்கில் வையுங்கள்.

இதில் ஒரு நுணுக்கம். பணம் கட்டியவர் "நன்றி" பக்கத்துக்கு வந்து சேர்ந்தால் பணம் வந்தது என்று குறிக்கும்படி பலர் அமைக்கிறார்கள். கட்டி முடித்தவுடன் சிக்னல் போய்விட்டால் அந்தப் பக்கம் வராது, பணம் மட்டும் வந்திருக்கும். அந்தப் பக்கத்தின் முகவரியைத் தெரிந்துகொண்ட ஒருவர் பணம் கட்டாமலே அங்கே போய் நிற்கவும் முடியும். பணம் சேர்ந்ததும் நுழைவாயிலின் சர்வரே உங்கள் செயலிக்குத் தகவல் அனுப்பும். அதை வெப்ஹுக் என்பார்கள். ஜேப்பியர், மேக் போன்ற இணைப்புக் கருவிகளால் அதை வாங்கி ஷீட்டில் குறிக்கலாம். அது வந்தால் மட்டும் "வந்தது" என்று மாறட்டும். ஒரே தகவல் இரண்டு முறை வருவதும் உண்டு. கட்டண எண் ஏற்கெனவே பதிவாகியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு எழுதும்படி அமையுங்கள்.

பாதுகாப்பைப் பற்றி நான் எழுதுவதைத் தயவுசெய்து தாண்டிப் போய்விடாதீர்கள். உங்களிடம் சேரப்போவது நூற்றுக்கணக்கானவர்களின் போன் எண்ணும், அவர்கள் எந்தக் கட்டடத்தில் எந்தத் தளத்தில் மதியம் இருப்பார்கள் என்ற விவரமும். அதில் பலர் பெண்கள். ஒரு பத்தியைத் திரையில் மறைத்துவிட்டால் அது பாதுகாப்பாகிவிட்டது என்று நினைப்பதுதான் நோ-கோடில் மிக ஆபத்தான பழக்கம். திரையில் மறைந்திருந்தாலும் தரவு உலாவிக்கு வந்து சேர்ந்திருக்கலாம். சோதிப்பது எளிது. கணினியில் குரோமில் உங்கள் செயலியைத் திறந்து, சாதாரண வாடிக்கையாளராக உள்ளே போய், எஃப்12 விசையை அழுத்துங்கள். நெட்வொர்க் என்ற பகுதியைத் தேர்ந்தெடுத்துப் பக்கத்தைப் புதுப்பித்தால், சர்வரிலிருந்து வந்தது ஒவ்வொன்றும் வரிசையாகத் தெரியும். அதில் வேறொரு வாடிக்கையாளரின் போன் எண்ணைத் தேடிப் பாருங்கள். கிடைத்தால், உங்கள் மொத்த வாடிக்கையாளர் பட்டியலும் திறந்து கிடக்கிறது என்று பொருள். பபிளில் இதற்கெனத் தனியுரிமை விதிகள் என்ற பகுதி இருக்கிறது. எந்த அட்டவணையை யார் பார்க்கலாம் என்று அங்கே எழுத வேண்டும். மற்ற கருவிகளில் வரிக்கு உரியவர் யார் என்று ஒரு பத்தியைக் குறித்து, அவரவர் வரி அவரவருக்கு மட்டும் போகும்படி பூட்டலாம். இதைச் செய்யாமல் ஒரு வாடிக்கையாளரைக்கூட உள்ளே விடாதீர்கள்.

செயற்கை நுண்ணறிவிடம் சொல்லிச் செயலி செய்யும் லவபிள், போல்ட், ரெப்ளிட் போன்றவற்றைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் நிச்சயம் யாராவது சொல்வார்கள். தேவையை நாலு வரியில் எழுதினால் அழகான செயலி பத்து நிமிடத்தில் வருகிறது என்பது உண்மை. மாதிரியைக் காட்டிக் கருத்துக் கேட்க நான் அவற்றைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். வாடிக்கையாளர் தரவை வைக்கும் இடத்தில் தயங்குவேன். 2025இல் லவபிளில் செய்த பல தளங்களில் தரவுத்தளத்தில் எந்த வரியை யார் பார்க்கலாம் என்று கட்டுப்படுத்தும் விதிகள் சரியாக அமைக்கப்படாமல், யார் வேண்டுமானாலும் படிக்கும்படி இருந்தது வெளிவந்தது. அதே ஆண்டு ஜூலையில், ரெப்ளிட்டில் தானாக வேலை செய்யும் முகவர் மென்பொருள் ஒரு பயனரின் உண்மையான தரவுத்தளத்தையே அழித்துவிட்டது. நிறுவனத்தின் தலைவர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார். நிரலைப் படிக்கத் தெரியாதவருக்கு அதில் என்ன விடுபட்டிருக்கிறது என்பதும் தெரியாது. கிளைடு போன்ற கருவியில் என்ன அமைத்திருக்கிறீர்கள் என்பதையாவது நீங்களே திரையில் பார்க்கலாம்.

பிளே ஸ்டோர் இப்போதைக்கு வேண்டாம். தனிநபராகப் புதிதாகக் கணக்குத் திறப்பவர் குறைந்தது 12 பேரை 14 நாள் தொடர்ந்து சோதிக்க வைத்த பிறகுதான் செயலியை வெளியிட அனுமதி கேட்கவே முடியும். இணையச் செயலியின் முகவரியை வாட்ஸ்அப்பில் அனுப்பி, போனின் முகப்புத் திரையில் சேர்த்துக்கொள்ளச் சொன்னால் போதும். மதியம் 12 மணிக்குப் பசியோடு இருப்பவர் எங்கிருந்து திறந்தோம் என்று பார்ப்பதில்லை.

சட்டத்தில் இரண்டு விஷயங்களை முன்கூட்டியே முடித்துவிடுங்கள். வீட்டுச் சமையலறை என்றாலும் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் பதிவு வேண்டும். நான்கு பேருக்கும் தனித்தனியாக. அடுத்தது ஜிஎஸ்டி. பிறர் சமைத்ததை உங்கள் செயலி வழியாக விற்கும்போது, உணவகச் சேவைக்கான வரியைக் கட்டும் பொறுப்பு 2022 ஜனவரி 1 முதல் செயலியை நடத்துபவர் மீது விழுகிறது. சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் ரூபாய் விற்றுமுதல் வரை பதிவு தேவையில்லை என்ற சலுகையை நம்பி இதில் இறங்க முடியாது. ஒரே சமையலறையோடு சோதிக்கும் காலம் முடிந்து, பிறருக்காகப் பணம் வாங்கிப் பிரித்துக் கொடுக்கும் கட்டத்துக்குப் போவதற்கு முன் ஓர் ஆடிட்டரைப் பாருங்கள். செயலி கட்டுவதற்கு முன்பே இதைச் செய்தால், யாருடைய பெயரில் பில் போக வேண்டும் என்பது அட்டவணையிலேயே சரியாக அமைந்துவிடும்.

கருவி ஒரு நாள் மூடப்படலாம் என்பதையும் கணக்கில் வையுங்கள். ஆப் மேக்கர் என்று கூகுளே ஒரு கருவி வைத்திருந்தது; 2021 ஜனவரியில் அதை நிறுத்திவிட்டது. அவ்வளவு பெரிய நிறுவனத்தின் கருவிக்கே அந்த ஆயுள்தான். வாரம் ஒரு முறை ஐந்து அட்டவணைகளையும், எந்த ஷீட்டிலும் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பாக இறக்கி வையுங்கள். மாதம் ஒரு முறை அந்தக் கோப்புகளை ஒரு புது ஷீட்டில் ஏற்றி, போன வாரத்தின் ஓர் ஆர்டரை எடுத்து, யார், என்ன, எத்தனை, எவ்வளவு என்று முழுமையாகத் தேடிக் கண்டுபிடிக்க முடிகிறதா என்று பாருங்கள். ஆர்டர் வரிக்கும் ஆர்டருக்கும் இடையிலான இணைப்பு எண் இறக்குமதியில் காணாமல் போயிருப்பது அப்போதுதான் தெரியவரும். ஒரு நாள் தொழில் வளர்ந்து டெவலப்பரை அமர்த்தும்போது, இந்தக் கோப்புகளையும் வாட்ஸ்அப் கோரிக்கைகளை எழுதிவைத்த அந்த நோட்டையும் அவர் கையில் கொடுங்கள். விலையை அவர் அதைப் பார்த்த பிறகு சொல்லட்டும்.